ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை படிக்கிற பள்ளியிலிருந்து போன் வந்தால் உங்களுக்கு எப்படியோ, எனக்கு வேறு வேலை ஓடாது. அன்றைக்கு ‘உடனே வாங்க’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். லோடு ஆட்டோவில் ஏற்றியிருந்த சிமெண்டு மூட்டைகளோடே கோவில்பட்டிக்கு ஓடினேன். பத்தாம் வகுப்புக்கு ஞாயிறும் பரீட்சை உண்டு. முதல்வர் அறைக்கு வெளியே மகள் சுவரைப் பார்த்து நின்றாள். “என்னட்டி ஆச்சு?” நகத்தால் சுவரைச் சுரண்டினாள். கூப்பிடும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். தரையெல்லாம் பினாயில் வாடை.

சின்ன வயதில் எனக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கு வேறு வாடை. பசுவந்தனைப் பக்கம், சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு சின்னச் சர்ச்சு. உள்ளே ஈரப் பாய், பிள்ளைகள் காலில் அப்பி வந்த கரிசல் மண். மழை பெய்தால் அந்த மண் செருப்பு மாதிரி காலோடு வரும். வாசல் கல்லில் வழித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். நாங்கள் ஆடு வளர்க்கிற வீடு, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் போவேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். பைபிள் வசனம் ஒப்பித்தால் படம் கிடைக்கும். பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை டீச்சர் வெட்டி வைத்திருப்பார். எனக்கு வந்த ஒன்றில் வீடும் மரமும் வெள்ளையாக மூடிக் கிடந்தன. “எந்த ஊர்ல டீச்சர் இம்புட்டுப் பருத்தி வெடிச்சிருக்கு?” என்று கேட்டேன். சிரித்தவர்களில் டீச்சரும் உண்டு.

அங்கே ஒரு வழக்கம். யாராவது பாதியில் மறந்து நின்றால் பக்கத்தில் இருப்பவன் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கலாம். “ஏலே, அவன் முழிக்கான் பாரு. கல்லு மாதிரி இருக்கியே, ஒரு சொல்லு குடுலே” என்று டீச்சரே அதட்டுவார். அப்படியும் வராவிட்டால் எல்லோரும் சேர்ந்து சொல்வோம். படம் என்னவோ அவனுக்குத்தான். மற்ற நாட்களில் போன பள்ளியில் நான் முழித்தால் பிரம்புதான் பேசும். எட்டாவதோடு ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆடுகள் என்னிடம் வாய்ப்பாடு கேட்டதில்லை.

இதையெல்லாம் மகளிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுதான் வினையாகிப் போனதோ என்னவோ.

உள்ளே கூப்பிட்டார்கள். “பக்கத்துப் பொண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்திருக்கா உங்க மக” என்றார் முதல்வர்.

“அவ பார்த்து எழுதலையே சார்?”

“சொல்லிக் குடுக்கிறதும் தப்புதான். பப்ளிக் எக்ஸாம்ல இப்படிச் செஞ்சா என்ன ஆகும் தெரியுமா? இன்னொரு தடவை நடந்தா டி.சி.தான்.”

என்னைப் போல இவளும் பாதியில் நின்றுவிட்டால்? “இனிமே வாயே திறக்க மாட்டா சார்” என்று அவளுக்காக நானே வாக்குக் கொடுத்தேன்.

வண்டியில் ஏறியதும் மகள் சொன்னாள்: “மொத வரியத்தான் சொன்னேன்ப்பா. அவளுக்குத் தெரிஞ்ச கணக்குத்தான். பயத்துல மறந்துட்டா.”

“இனி சொல்லாதே.”

“அவ அழுதாப்பா.”

“அழுதாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. கேட்டுக்கோ!”

சத்தம் போட்டுவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணக்கு மறந்து அழுத அந்தப் பெண் எட்டயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அடுத்த வாரம் பள்ளி வாசலில் அவளைக் காணவில்லை. விசாரித்தேன். “ஸ்கூல்ல அவிய அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னாவளாம். அவிய படிச்சது போதும்னுட்டாவளாம்” என்றாள் மகள்.

என் மகளின் இடம் தப்பியது. நிம்மதியாகத் தூங்கலாம், தூக்கம்தான் வருவதில்லை. அந்தச் சர்ச்சில் இப்போது ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகள் சேர்வதில்லையாம், எல்லோருக்கும் பரீட்சை. மகள் வகுப்பிலும் பெஞ்சுக்கு ஒருவராகப் பிரித்து உட்கார வைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் சாயங்காலம் வண்டியில் ஏறினால், வகுப்பில் யார் என்ன சொன்னார்கள், யார் எதற்குச் சிரித்தார்கள் என்று வீடு வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். இப்போது வண்டிச் சத்தம் மட்டும்தான்.