எல்லா வீட்டுச் சோறும் தின்றவன்

எங்கள் ஊரில் யாராவது வந்து "மழை வருமா?" என்று கேட்டால்கூட, கேட்பவன் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வோம். வளைகுடாவுக்கு மேற்கே ஒரு பிரபு, கிழக்கே ஒரு பிரபு. நடுவில் துருத்திக்கொண்டு நிற்கிறது எங்கள் ஊர் இசோனே. விளைகிற பார்லியில் பாதி மேற்குக்கு, பாதி கிழக்குக்கு. இரண்டு பேருக்கும் தெரிந்து நடந்த ஏற்பாடுதான் இது. ஊர் வாசலில் தொங்கும் பலகையில் ஒரு பக்கம் மேற்கின் முத்திரை, மறுபக்கம் கிழக்கின் முத்திரை. எந்தப் படகு வருகிறதோ அதற்கேற்றபடி திருப்பிவிட வேண்டும். இப்படிப் பிழைக்கிற ஊரில் யாரை யார் நம்புவது? பக்கத்து வீட்டில் இருமினால்கூட அது யாருக்கான சைகையோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுப்போம்.

அந்தப் பலகையைத் திருப்புகிற வேலை குமாஜியுடையது. பஞ்ச காலத்தில் மலைப்பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவன். ஊர்த்தலைவர் ஜின்பே கோயில் கூட்டத்தில் வைத்து அவனிடம் பேசி முடித்தார். படகுக் கொட்டகையை ஒட்டி ஒரு குடிசை. நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சாப்பாடு. பதிலுக்கு, என்றைக்காவது ஒரு பிரபுவின் ஆட்கள் வந்து "எங்களுக்குத் துரோகம் செய்தவனைக் கொடு" என்று நின்றால், ஊருக்காகக் குமாஜி போவான். சுற்றுப்பட்டு ஊர்கள் பலவற்றிலும் இதற்கென்று ஓர் ஆளை வைத்துச் சோறு போடுவார்கள்.

குமாஜி ஒத்துக்கொண்டான். பசியில் கிடப்பவன் எதற்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டான்? ஆனால் ஒன்று கேட்டான். தான் போகிற நாளில் மகள் நுயிக்குக் கோயில் கூட்டத்துப் பாயில் ஓர் இடம் தர வேண்டும் என்றான். அந்தப் பாயில் இடம் உள்ளவர்கள்தான் ஊரார். மற்றவர்களுக்குக் காட்டில் விறகு கிடையாது, செத்தால் புதைக்க இடம் கிடையாது. ஜின்பே சரி என்று தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

பிறகு குமாஜி ஊரெல்லாம் சாப்பிட்டான், ஊரெல்லாம் அவனைச் சந்தேகப்பட்டது. அவன் முறை வருகிற வீட்டில் அன்றைக்குப் பேச்சே இருக்காது. நான் உப்புக் காய்ச்சுகிறவள். என் வீட்டு முறை நாளில் உப்பு மூட்டைகளைப் பாய் போட்டு மூடிவிட்டுத்தான் அவனுக்குக் கஞ்சி ஊற்றுவேன். எவ்வளவு உப்பு இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வானோ, யார் கண்டது? அவனும் அந்தப் பாயைப் பார்ப்பான், சிரிப்பான், கஞ்சியைக் குடிப்பான்.

"என்ன குமாஜி, நேத்து தச்சன் வீட்டுல என்ன கொழம்பு?" என்று கேட்பேன்.

"கொழம்பு எங்கக்கா? மிசோ விழுதைக் கரைச்ச தண்ணி. தொட்டுக்க புருஷன் பொண்டாட்டி சண்டை."

"எல்லார் வீட்டுச் சோத்தையும் தின்னு, எல்லார் வீட்டுக் கதையையும் வயித்துல வச்சிருக்க. ஒருநா வாந்தி எடுக்கத்தான் போற."

"எடுத்தா ஊரே நாறிடும்க்கா. அதான் அடக்கிட்டு இருக்கேன்."

நுயி வளர்ந்து பெரியவளான பிறகு, ஒரு கோடையில், உப்பில் ஊறிய முள்ளங்கியைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"ஏங்க்கா, தலைவர் வீட்டுல மட்டும் சுள்ளுனு வெயில் அடிக்கிற நாளா பாத்து, கடலைப் பாத்த மூங்கில்ல வைக்கோல் மழையங்கி காயுதே. நனையாததை எதுக்குக் காயப் போடுறாங்க?"

"பூச்சி அரிக்கும்னு போடுவாங்க. உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கென்ன" என்று கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுப் போனான். இவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று என் மனம் அவன் மேல்தான் பாய்ந்தது. ஜின்பே மேல் பாயவில்லை. அவர் தலைவர். மூத்த மகனை மேற்குக் கோட்டையிலும் இளையவனைக் கிழக்குக் கோட்டையிலும் பிணையாக விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் குனிந்து குனிந்து முதுகு வளைந்த மனிதர். இளையவன் மேல் அவருக்கு உயிர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பார்லி அறுத்துக் களத்தில் கிடந்த சமயம், மேற்கின் படகுகள் எங்கள் துறையில் ஒதுங்கின. தண்ணீரும் கருவாடும் ஏற்றிக்கொண்டு காற்றுக்காகக் காத்துக் கிடந்தன. எங்கே போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்கு நல்ல வெயில். நான் உப்புப் பாத்தியில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஜின்பே வீட்டு மூங்கிலில் மழையங்கி ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் கிழக்குக்காரர்களின் மீன்படகு ஒன்று வலையை அவசரமாக இழுத்துக்கொண்டு திரும்பியது. பார்த்தேன், குனிந்து வேலையைப் பார்த்தேன்.

மேற்கின் படகுகள் கிழக்குக் கரையை நெருங்கியபோது அங்கே வில்லும் நெருப்பும் தயாராகக் காத்திருந்தன. திரும்பி வந்தவை கொஞ்சம். அவற்றில் ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி இறங்கினார். கையில் கட்டு, கண்ணில் தூக்கம் இல்லை.

"சேதி சொன்னவன் இந்த ஊருக்காரன். நாளைக்கு அலை திரும்புறதுக்குள்ள அவன் என் கையில இருக்கணும். இல்லைன்னா களத்துல கெடக்குற பார்லியோட ஊரையும் கொளுத்திடுவேன்."

உடனே கோயிலில் கூடினோம். யார் வாயிலிருந்தும் வேறு பெயர் வரவில்லை. ஜின்பே தொண்டையைச் செருமினார்.

"குமாஜி, இத்தனை வருஷம் ஊரு உனக்குச் சோறு போட்டுச்சு."

"போட்டுச்சுங்க. இல்லைன்னு சொல்லல."

"அப்ப கெளம்பு."

"கெளம்புறேன். முதல்ல என் பொண்ணைப் பாயில உக்கார வைங்க."

"நீ போ. அறுப்பெல்லாம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்ங்கறது எந்த வருஷத்துல வருதுங்க தலைவரே?" குமாஜி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். "உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்ல. எனக்கும் உங்க மேல இல்ல. வாசல்ல நிக்கிறா, கூப்பிடுங்க."

அவன் கேட்டதில் என்ன தப்பு? எனக்கே கோபம் வந்தது. "கூப்பிடுங்க தலைவரே, அலை காத்துட்டு இருக்காது" என்று கத்தினேன். நுயியைக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில், என் பக்கத்தில் இடம். எல்லோரும் அரிசி மதுவான சாக்கே குடித்த அதே கிண்ணத்தில் அவளும் குடித்தாள். குடிக்கும்போது பல் கிண்ணத்தில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. குமாஜி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, போலாம்" என்று எழுந்தான்.

கடற்கரையில் அவனை மணலில் மண்டியிட வைத்தார்கள். ஊரே நின்றது. அதிகாரி அவனைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். அந்த மனிதரும் சந்தேகத்திலேயே ஊறினவர்.

"எந்த ஊரும் தன்னோட நெசமான ஒற்றனைக் குடுக்காது. வேண்டாதவனைத்தான் தள்ளிவிடும். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?" குமாஜியின் முன்னால் குந்தினார். "இந்தா பாரு. உனக்குத் தெரியும். பேரைச் சொல்லு, உன்னை இப்பவே அவுத்து விட்டுடறேன்."

"சொன்னா ஊரை என்ன பண்ணுவீங்க?"

"அவனை ஒளிச்சு வச்ச ஊராச்சே. என்ன பண்ணணுமோ பண்ணுவேன்."

குமாஜி தலையைத் தூக்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். எங்கள் யாருக்கும் அவன் ஒன்றும் கடன்படவில்லை. மூட்டையை மூடி வைத்துவிட்டுக் கஞ்சி ஊற்றிய எனக்காக அவன் ஏன் வாயை மூட வேண்டும்? அவன் பார்வை ஜின்பேயிடம் வந்து நின்றது. ஜின்பேயின் நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. அந்த வியர்வையைப் பார்த்தபோதுதான், நனையாத மழையங்கியும் திரும்பிப் போன மீன்படகும் என் மண்டையில் ஒன்றாகச் சேர்ந்தன. இளையவன் இருக்கிற கிழக்குக்கு அவர் காட்டிய சைகை அது. கத்திவிடலாமா என்று நினைத்தேன். கத்தினால் ஊர் எரியும்.

குமாஜி கண்ணை நகர்த்தினான். என் பக்கத்தில், ஊராரோடு ஊராராக, நுயி நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றான், ஏதோ மீன் விலை பேசுகிறவன்போல. "இந்த ஊர்ல தச்சனுக்கு உப்புக்காரி வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாது. உப்புக்காரிக்குத் தலைவர் வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாது. வீடு வீடாப் போயி எல்லா வீட்டுச் சோறும் தின்னவன் நான் ஒருத்தன்தான். பலகையைத் திருப்புறதும் நான்தான். எந்தப் படகு எப்ப வருதுன்னு வேற எவனுக்குத் தெரியும்? வேணும்னா இவங்களைக் கேளுங்க, என்னிக்காவது என்னை நம்பினாங்களான்னு."

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "நம்பினீங்களா?"

பேசத் தேவையில்லாமல், இத்தனை வருடச் சந்தேகம் அத்தனை முகங்களிலும் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அதிகாரி நம்பினார்.

படகில் ஏற்றும்போது குமாஜி திரும்பினான்.

"நுயி, நான் பின்னிட்டு இருந்த மழையங்கி பாதியில கெடக்கு. முடிச்சுத் தலைவருக்குக் குடுத்துடு."

அதிகாரிக்கு அது ஒரு குடியானவனின் உளறல். ஜின்பே மட்டும் பக்கத்திலிருந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

குமாஜி திரும்பவில்லை. மேற்குக் கோட்டைக்கு உப்புக் கொண்டுபோன என் வீட்டுக்காரர் வாசல் கம்பத்தில் அவன் தலையைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஜின்பே வீட்டு மூங்கிலில் அப்புறம் மழையங்கி தொங்கவில்லை.

இலையுதிர்காலத்துக் கோயில் கூட்டம் வந்தது. நுயி கடைசி வரிசையிலிருந்து எழுந்து, மழையங்கியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனாள். புது வைக்கோலின் வாசனை எல்லோருக்கும் வந்தது. சாமி முன்னால் தருவதை யாரும் மறுக்கக் கூடாது.

"தலைவரே, அப்பா உங்களுக்குக் குடுக்கச் சொன்னது. பாதி அவரு பின்னினது, மீதி நான். வெளிய நல்ல வெயில், காயப் போடுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். வேறு வழி? ஒரு வார்த்தை வெளியே போனாலும் மேற்கின் படகுகள் நெருப்போடு வரும். ஜின்பே இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார்.

அவர்தான் இன்னும் தலைவர். எவ்வளவு மழை கொட்டினாலும் அவர் மழையங்கி போட்டு நான் பார்த்ததில்லை. நனைந்துகொண்டேதான் கோயிலுக்கு வருகிறார். சொட்டச் சொட்டப் பாயில் உட்காருகிறார், தலையைத் தூக்காமல் கூட்டத்தை நடத்துகிறார். கடைசி வரிசையில் நுயி உட்கார்ந்திருக்கிறாள்.