ஒரே சத்தம்

கச்சிராயபாளையத்தில் என் கம்ப்யூட்டர் கடைக்கு அந்த மைக் செட்காரர் முதலில் வந்தபோது தலையில் கட்டு இருந்தது. ஒல்லியான ஆள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று இடது காது மந்தமாகிவிட்டதால், யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் கொடுப்பார்.

மாரியம்மன் திருவிழாவில் மேல்தெருக்காரர்கள் கொடுத்த பாட்டு, கீழ்த்தெருப் பாட்டைவிடக் கம்மியாகக் கேட்டதாம். வேண்டுமென்றே குறைத்தான் என்று மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அவர் மண்டையைப் பிளந்திருக்கிறார்கள்.

"நான் கொறைக்கலீங்க. பாட்டே அப்படித்தான் பதிஞ்சிருக்குது. எல்லாத்தையும் ஒரே சத்தமா ஆக்கித் தர முடியுமா?"

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான். அதில் ஓடும், சத்தத்தைச் சரிசெய்யும் மென்பொருள்களைத் தேடினேன். முதலில் கிடைத்தது சத்தத்தை ஏற்றியதில் பாட்டுகள் கரகரத்தன. அடுத்தது ஒவ்வொரு பாட்டையும் முழுதாக அளந்து, பிறகு ஒரே அளவுக்குக் கொண்டுவந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மறு வருஷத் திருவிழா முடிந்து வந்தார். வலது கையில் மாவுக்கட்டு, உதட்டில் தையல்.

"இன்னா ஆச்சு? சரியா கேக்கலயா?"

"கேட்டுச்சுங்க. ரெண்டு தெருப் பாட்டும் ஒரே சத்தம். அவங்களும் நாங்களும் ஒண்ணாடான்னு கேட்டுக்கினே மேல்தெரு ஆளுங்க மிதிச்சாங்க. கை ஒடஞ்சிடுச்சு."

மேல்தெருப் பாட்டை மட்டும் கொஞ்சம் ஏற்றித் தரட்டுமா என்றேன்.

அவர் இடது கையால் ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்தார்.

"வேணாங்க. இதுல புதுப் பாட்டு இருக்குது. இதையும் அதே மாதிரி ஒண்ணாக்கிக் குடுங்க."

பயப்படாதவர் என்று சொல்ல மாட்டேன். அதைச் சொல்லும்போதே இரண்டு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.