ஆட்டுத் தொடையெலும்பின் இரு பாதிகள்

சென்ற ஆண்டு, பிப்ரவரி 3: காலை ஆறரை மணி. அருப்புக்கோட்டை வீட்டின் பின்வாசல் படியில் என் மனைவி வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தாள். வயது அறுபத்தாறு. மணிக்கட்டு முறிவு. அன்று மாலை மாவுக்கட்டு போடப்பட்டது.

மார்ச் 17: கட்டு பிரிக்கப்பட்டது. எலும்பு கூடியிருந்தது. மருத்துவர் தந்த சீட்டில் எலும்பு அடர்த்திச் சோதனை எழுதப்பட்டிருந்தது. சோதனை செய்யப்படவில்லை.

நவம்பர் 9: சமையலறையில் நின்ற இடத்தில் திரும்புகையில் விழுந்தாள். இடது தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது.

நவம்பர் 11: மதுரையில் அறுவை சிகிச்சை.

நவம்பர் 30: நுரையீரல் தொற்று. பிற்பகல் இரண்டு மணிக்கு இறந்தாள்.

இவ்வாண்டு, பிப்ரவரி 14: மனைவியின் தங்கை, வயது அறுபத்தொன்று, பந்தல்குடியில் தன் சாப்பாட்டுக் கடை வாசலில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிவு.

மார்ச் 28: கட்டு பிரிக்கப்பட்டது. சீட்டில் அதே சோதனை.

இந்தக் கடைசி வரியை எழுதிய அன்று தொலைபேசியில் அவளிடம் பேசினேன். சோதனைக்கு மதுரை போக வேண்டும் என்றேன். "கைதான் கூடிருச்சே அத்தான். அண்டா தூக்குறேன், சட்னி அரைக்கிறேன். ஒரு நாள் கடைய அடைச்சா லோடுக்காரவுக அடுத்த கடைக்குப் பழகிருவாக" என்றாள். மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் அதே விடை.

கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் நான். எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் ஐயம் ஏதுமில்லை. ஆனால் நான் காட்டிக் கற்பித்தவை அனைத்தும் மரப்பெட்டியில் கிடந்த உலர்ந்த எலும்புகள். பல தலைமுறை மாணவர்களின் கைபட்டு வழவழப்பானவை, எடையற்றவை, முடிந்துபோனவை. உடலுக்குள் இருக்கும் எலும்பு அப்படிப்பட்டதன்று. அது ஈரமானது, குருதி ஓடுவது. அதற்குள் ஒருவகைச் செல்கள் பழைய பகுதிகளை இடைவிடாமல் கரைத்தெடுக்கின்றன. இன்னொரு வகைச் செல்கள் அந்தக் குழிகளில் புதிதாகக் கட்டி எழுப்புகின்றன. நாம் நடந்துகொண்டும் உறங்கிக்கொண்டும் இருக்கையிலேயே எலும்புக்கூடு சிறிது சிறிதாக மாற்றிக் கட்டப்படுகிறது. இதைச் சொல்லால் கற்பித்தேன். மாணவர் கையில் கொடுத்ததோ உலர்ந்த எலும்பு.

எனவே ஞாயிறு காலை கறிக்கடைக்குப் போனேன்.

"நல்லி எலும்பா சார்? துண்டு போட்டுத் தாரேன்" என்றார் கடைக்காரர்.

"துண்டு வேண்டாம்யா. மேல உருண்டையோட முழுசாக் குடு."

"முழுசாச் சட்டிக்குள்ள போகாதே. நாய் எதுவும் வளக்குறீகளா?"

"ஒரு பாடம் நடத்தணும்."

"ரிட்டயராகி எத்தன வருசமாச்சு, இன்னும் விடமாட்டேங்கிறீகளே!" சிரித்துக்கொண்டே, ஒட்டியிருந்த சதையையும் சுரண்டித் தந்தார்.

வீட்டில் அதை அரை மணி நேரம் வேகவைத்தேன். பிறகு இரும்பறுக்கும் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். நடுத்தண்டு எளிதில் வழிவிடவில்லை. அது கெட்டியான எலும்பு, குழாய் போன்றது. வளைக்கும் விசையைக் குறைந்த எடையில் தாங்குவதற்குக் குழாயே சிறந்த வடிவம். மேல் முனையை நெருங்கியதும் ரம்பத்தின் ஓசை மாறியது. உருண்டைத் தலையிலும் அதன் கீழுள்ள கழுத்திலும் சுவர் மெல்லியது. உள்ளே பஞ்சு போன்ற எலும்பு. பஞ்சு என்பது பெயரளவில்தான். தொட்டால் கூர்மையாக இருக்கும். நூலளவுக் கம்பிகளும் தகடுகளுமாகப் பின்னிய கட்டு அது. அக்கம்பிகள் மனம்போனபடி ஓடுவதில்லை. உடலின் பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ, அந்த வழியைப் பின்பற்றி வளைந்து நிற்கின்றன.

ஒரு பாதியை அப்படியே விட்டேன். மற்றதில், மனைவியின் கோணி ஊசியால் குறுக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். இரண்டையும் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏறினேன்.

பந்தல்குடியில் சாலையோரக் கடையில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. லாரி ஓட்டுநர் ஒருவர் மட்டும் மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தூக்குல என்ன அத்தான், கறியா? சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதுன்னுல்ல அக்கா சொல்லும்!" என்று வாங்கித் திறந்தாள். "இதென்ன கூத்து? எலும்ப மட்டும் கொண்டாந்திருக்கீக. கறிய யாரு தின்னா?"

"அது கறிக்கடையிலயே நின்னுபோச்சு. இதப் பாரு."

முதல் பாதியை மேசைமேல் வைத்தேன். ஓட்டுநர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"யக்கா, சென்ட்ரிங்குக்குக் கம்பி கட்டுனாப்புல இருக்கு பாருங்க."

வகுப்பில் எந்த மாணவரும் இதைவிடச் செம்மையாகச் சொன்னதில்லை. அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு விளக்கினேன். எலும்பில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, புரத நாரும் உண்டு. முன்னது சிமெண்டைப்போல அமுக்கத்தைத் தாங்கும். பின்னது கம்பியைப்போல இழுப்பைத் தாங்கும். ஒன்று குறைந்தாலும் கட்டு நிற்காது. அந்தச் சுண்ணாம்பு எலும்புக்கு மட்டும் உரியதன்று. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் நரம்பு வேலை செய்யவும் அது குருதியில் இருந்தாக வேண்டும். குறையும்போது உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாதவிலக்கு நின்றபின் பெண்ணுடலில் கரைக்கும் செல்களின் வேகம் கூடுகிறது. கட்டும் செல்கள் ஈடுகொடுப்பதில்லை. குறுக்குக் கம்பிகள் மெலிந்து அறுந்துபோகின்றன. வலி இராது. வெளியே எதுவும் தெரியாது.

"இப்ப இந்தப் பாதி. ரெண்டையும் ஒடிஞ்ச கையாலயே எலும்போட கழுத்துல அமுக்கு."

இடது பெருவிரலால் அழுத்தினாள். முதல் பாதி அசையவில்லை. இரண்டாவது நொறுங்கி உள்வாங்கியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"இது ஆட்டெலும்பு, அதுவும் நான் ஊசியால கெடுத்தது. உன் எலும்பு இப்பிடி இருக்குன்னு சொல்லல. எப்பிடி இருக்குன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நின்ன உயரத்துல இருந்து விழுந்து மணிக்கட்டு ஒடியுதுன்னா, பாத்துடணும். அவ்வளவுதான்."

நொறுங்கிய பாதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா கை ஒடிஞ்சப்ப இத அறுத்துக் காட்டுனீகளா?"

"இல்ல."

"சீட்டுல எழுதியிருந்துச்சா?"

"எழுதியிருந்துச்சு."

"படிச்சீகளா?"

"படிச்சேன்."

"அவகிட்டச் சொன்னீகளா?"

"சொல்லல."

ஓட்டுநர் கைகழுவ எழுந்து போனார்.

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். கட்டு பிரித்த மறுநாள் என் மனைவி ஈரச் சேலையைத் தன் கையாலேயே முறுக்கிப் பிழிந்தாள். அதைக் கண்டதும் கணக்கு முடிந்தது என்று எண்ணினேன். விழுந்ததற்குக் காரணம் ஈரப்படி என்று முடிவு செய்து, கொத்தனாரை வரவழைத்துப் படியைச் சொரசொரப்பாக்கினேன். படியைத் திருத்தினேன், எலும்பைப் பார்க்கவில்லை. முறிந்த இடம் கூடிவிட்டால் முழு எலும்புக்கூடும் நலம் என்று ஒரு முதலாண்டு மாணவன் எழுதியிருந்தால் மதிப்பெண் தந்திருக்க மாட்டேன். அறியாமல் நேர்ந்த பிழையென்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. சோதனை செய்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் உறுதி கூற இயலாது, மருந்துக்கு நாளாகும். ஏறக்குறைய எட்டு மாதம் இருந்தது என்பது மட்டும் உறுதி.

அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"எங்கக்கா இருந்தா ஒங்கள இன்னைக்கு விட்டிருக்க மாட்டா" என்றாள்.

"ஆமா."

"வியாழக்கிழமை போவோம். வெள்ளி, சனி லோடு வண்டி நெறைய வரும். காலைல மொத பஸ்ஸு. நீங்களும் கூட வரணும், டாக்டரு சொல்றத என்கிட்ட மறைக்காமச் சொல்லணும்."

"சொல்றேன்."

"அந்த எலும்ப மொதல்ல எடுத்து உள்ள வைங்க. வாரவுக இதுதான் இன்னைக்குச் சாப்பாடுன்னு நெனச்சுக்கிறப் போறாக."

சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன்.

இன்னும் செய்யாதவை:

மதுரையில் சோதனைக்கு வியாழன் காலை நேரம் கேட்டுப் பதிய வேண்டும்.

அன்றைக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். ஒரு நாளும் அடைக்க மாட்டேன் என்கிறாள்.

அவள் கடையின் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பதிக்க வேண்டும். அளவு எடுத்துவிட்டேன்.

மனைவியின் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: மூன்று எழுதியிருக்கிறேன். நான்காவதைத் தானே கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். என்னவென்று அவளிடம் கேட்கவில்லை.