பாலகுமாரின் இரண்டு டிரைலர்கள்

பாலகுமார் சொந்தமாக டிராக்டர் வாங்கியபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் பதினாறு வருடம் அடுத்தவர் வண்டியில் தண்ணீர் லோடு ஓட்டியவர். பெல்லந்தூர் பக்கத்துப் போர்வெல்களில் டேங்கரை நிரப்பிக்கொண்டு ஈஜிபுரம், தொம்மலூர், இந்திராநகர் என்று காவிரித் தண்ணீர் போதாத கட்டடங்களுக்குக் கொண்டுபோய் ஊற்றுவது வேலை. அப்பா திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். பாலகுமார் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் நீலசந்திராவில்.

டிராக்டர் விஷயத்தில் அவர் துளியும் அவசரப்படவில்லை. மூன்று மாதம் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார். எந்த என்ஜின் எத்தனை வருடம் உழைக்கும், எதற்கு உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கும் என்று பார்க்கிற டிரைவர்களிடமெல்லாம் கேட்டார். பதினைந்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிற வண்டி, பெண் பார்ப்பதைவிட நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று மனைவி தமயந்தியைக் கேலி செய்வார். கடைசியில் வாங்கிய டிராக்டர் உண்மையிலேயே நல்ல டிராக்டர். இன்றைக்கும் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது.

டிரைலர் அப்படி இல்லை. கையிலிருந்ததெல்லாம் டிராக்டரோடு போய்விட்டது. வெயில் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதம்தான் டேங்கர்காரர்களுக்கு அறுவடை. அதை விட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஹொஸ்கோட்டே பக்கம் ஒருவர் பழைய டேங்கர் டிரைலர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். கூடவே மைத்துனன் கிஷோரையும் அழைத்துப் போனார்.

கிஷோர் தமயந்தியின் தம்பி. அம்மா இல்லாமல் அக்கா கையில் வளர்ந்தவன். இருபத்துமூன்று வயது. இரண்டு வருடம் பீன்யாவில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு, மாமா சொந்த வண்டி வாங்குகிறார் என்றதும் அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். டேங்கருக்கு அடியில் படுத்துப் பார்த்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தான்.

"மாமா, பெயிண்டு ரொம்பப் புதுசா இருக்குது. முன்னாடி கம்பில ஒட்டு தெரியாம பட்டி பூசி மூடிக்கீறாங்க. பிரேக்கும் இல்ல."

"எந்த டிரைலர்ல பிரேக் இருக்குது? ஊர்ல ஓடறது எல்லாம் இப்பிடித்தான். டிராக்டர் நம்மளது, புதுசு. பின்னாடி வர்றது வெறும் தொட்டிதானேடா."

டிரைலர் வீட்டுக்கு வந்தது.

ஒரு வருடம் ஓடியது. 2016 மார்ச்சில் வெயில் வழக்கத்தைவிட முன்னாலேயே ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு ஏழு லோடு, எட்டு லோடு. டிராக்டரையும் டிரைலரையும் சேர்க்கிற அந்த முன்கம்பியில், பெயிண்டுக்குக் கீழே மயிரிழைபோல ஒரு கோடு ஓடுவதை கிஷோர்தான் பார்த்தான். பாலகுமாரிடம் சொன்னான். நான்கு நாள் கழித்துக் கோடு இன்னும் நீண்டிருப்பதாக மறுபடியும் சொன்னான். வெயில் காலம் முடியட்டும், கழற்றிப் போட்டு மொத்தமாக மாற்றிவிடலாம் என்றார் பாலகுமார்.

அதற்கு மறுநாள் காலை தொம்மலூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இரண்டாவது லோடு. கேட்டைத் தாண்டியதும் ஏற்றம், ஏற்றத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. பாலகுமார் டிராக்டரை ஏற்றி நிறுத்தினார். டிரைலருக்குப் பிரேக் கிடையாது என்பதால் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பது கிஷோரின் வேலை. ஒரு கல் வைத்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குக் குனிந்திருந்தான். பாலகுமாருக்குச் சத்தம்தான் முதலில் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் முன்கம்பி இரண்டாக முறிந்து, ஐயாயிரம் லிட்டர் தண்ணீரோடு டிரைலர் பின்னால் உருண்டு, கேட்டுத் தூணில் போய் நின்றது. தூணுக்கும் டிரைலருக்கும் நடுவில் கிஷோர் இருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கல்யாணம் ஆகாதவன் என்பதால் கல்பள்ளி இடுகாட்டில் புதைத்தார்கள். போலீசிடமும், துக்கத்துக்கு வந்தவர்களிடமும், தமயந்தியிடமும் பாலகுமார் ஒன்றையே சொன்னார்: "வெல்டு திடீர்னு வுட்டுடுச்சு. யாருக்கும் தெரியல." கிஷோர் இரண்டு தடவை சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாள் காரியத்தன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். தமயந்தி தம்பியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். நாள் போகப்போக அது சொல்லவே முடியாத ஒன்றாக ஆகிவிட்டது.

உடைந்த டிரைலரை எடைக்குப் போட்டார். டிராக்டரைத் தார்ப்பாய் போட்டு மூடி, தெருமுனையில் தெரிந்தவர் இடத்தில் நிறுத்தினார். இரண்டு பஸ் மாறி பீன்யாவுக்குப் போய் ஒரு கம்பெனியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தார். ரோட்டில் தண்ணீர் டேங்கர் வந்தால் பஸ் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் பேச்சு குறைந்தது. தமயந்தி தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அவளும் வேலை உண்டு, மகள் சௌம்யாவின் பள்ளிக்கூடம் உண்டு என்று இருந்தாள். தம்பியின் பெயரைப் புருஷன் எதிரில் அவள் எடுத்ததே இல்லை. அதுதான் பாலகுமாரை அதிகம் வாட்டியது. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி உலர்த்திக்கொண்டே தமயந்தி சொன்னாள்.

"டிராக்டரை எடு. தூசி தின்னுக்கினு கெடக்குது."

"டிராக்டர் எடுத்து இன்னா பண்றது?"

"தண்ணி ஓட்டு. இந்தத் தடவ டிரைலரு நான் பாக்கறேன். நானும் வர்றேன்."

வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் துணிவு இல்லை. அடுத்த வாரம் அவள் லீவு போட்டுவிட்டு அவரை பீன்யாவுக்குக் கூட்டிப் போனாள். இரண்டு வருடமாகத் தினமும் வந்துபோகிற பகுதிதான், ஆனால் அவள் போன சந்து அவருக்குத் தெரியாது. அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. டிரைலர் செய்து தரும் ஒரு ஷெட்டின் முன் போய் நின்றாள்.

முதலாளி சேஷகிரிக்கு அறுபது வயது இருக்கும். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். வந்ததும் வராததுமாக எச்சரித்தார்.

"ஏழு வாரம் ஆகும்மா. பேகா வேணும்னா, சீக்கிரம் வேணும்னா, பக்கத்து ஷெட்டுக்குப் போங்க. நாலு நாள்ல குடுப்பாங்க. நம்ம வண்டி இருபது வருஷம் வரணும், அதனால நேரம் எடுக்கும்."

"ஏழு வாரம் ஆகட்டும் சார். ஆனா கை பிரேக் வேணும். முன்கம்பி தனியா வெச்சு ஒட்டாம, அடிச் சட்டத்தோடயே வரணும். டிராக்டர்ல மாட்டற பின்னு வுட்டாலும் டிரைலரு போகாம இருக்க ரெண்டு பக்கம் சங்கிலி வேணும்."

சேஷகிரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "யாரும்மா சொல்லிக் குடுத்தது? ஓனருங்களே இதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"என் தம்பி."

"கம்பி எவ்ளோ கனத்துல வேணும்னு சொன்னாரா?"

"சொல்லிக்கீறான். இருங்க."

அவள் போனை எடுத்தாள். பழைய வாட்ஸ்அப் செய்தி ஒன்றைத் தேடி எடுத்து அழுத்தினாள். ஷெட்டில் ஒரு மூலையில் இரும்பு அறுக்கும் சத்தம். அதற்கு மேலே கிஷோரின் குரல் கேட்டது.

"அக்கா, பீன்யால ஒரு ஷெட்டு பாத்துட்டு வந்தேன். போட்டோவும் அட்ரஸும் அனுப்பிக்கீறேன் பாரு. கை பிரேக், சங்கிலி எல்லாம் வெச்சுக் குடுக்கறாரு. முன்கம்பி பத்து எம்.எம். கனம். ஒரு தடவ வாங்கினா சௌம்யா கல்யாணம் வரைக்கும் ஓட்டலாம். நம்ம வண்டில கம்பி வுட்டுக்கினு வருதுக்கா. மாமாகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். வெய்யகாலம் முடியட்டும்ன்றாரு. நீ ஒரு வார்த்தை சொல்லு, நீ சொன்னா கேப்பாரு."

அவ்வளவுதான் செய்தி. சேஷகிரி ஒரு தாளில் "பத்து" என்று குறித்துக்கொண்டார். பாலகுமார் ஷெட்டை விட்டு வெளியே வந்து, எதிரே கிடந்த பழைய ஆக்சில் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

அளவுகளெல்லாம் பேசி முடித்துவிட்டு தமயந்தி வெளியே வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள், உட்காரவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார் பாலகுமார்.

"மொத நாள் சாயங்காலமே வந்துடுச்சு அந்த மெசேஜு."

"ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலியே தமயந்தி."

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஷெட்டுக்குள் இரும்பு அறுக்கும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உன்னை மட்டும் சொல்ல எனக்கு இன்னா யோக்கியதை இருக்குது? எங்கிட்டயும்தானே சொன்னான். அன்னைக்கு நீ எட்டு லோடு அடிச்சிட்டு வந்து, சாப்ட்டதும் சாப்பிடாததுமா படுத்துட்ட. காலைல சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன். நான் எழுந்திருக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் கெளம்பிப் போயிட்டீங்க. போன் பண்ணியிருக்கலாம். பண்ணல. பால் காய வெச்சுக்கினு இருந்தேன்."

பாலகுமார் வாய் விட்டு அழுதார். வேலைக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தமயந்தி அவர் தோளைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தாள். பிறகு, "எழுந்திரு, சௌம்யா ஸ்கூல் வுட்டு வந்துடுவா" என்றாள்.

ஏழு வாரம் ஒன்பது வாரம் ஆனது. தமயந்தி நான்கு தடவை போய்ப் பார்த்தாள். பெயிண்டு அடிப்பதற்கு முன்னால் தனக்குக் காட்ட வேண்டும் என்று சேஷகிரியிடம் சொல்லி வைத்திருந்தாள். அப்படியே அவர் போன் செய்து கூப்பிட்டார். வெல்டிங் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே டிரைலரைச் சுற்றி வந்தாள். கை பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு, ஷெட்டு ஆட்கள் ஐந்து பேரைத் தள்ளச் சொன்னாள். டிரைலர் அசையவில்லை. பாலகுமார் அவளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அந்த டிரைலர் ஓட ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒருமுறை பாலகுமார் அதை பீன்யாவுக்கு இழுத்துப் போய் சேஷகிரியிடம் காட்டிவிட்டு வருகிறார். இதுவரை இரண்டு ஜோடி டயர் மாற்றியதைத் தவிர ஒரு செலவும் வைக்கவில்லை. 2024 வெயிலில் ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தபோது, கிடைத்த தகரத்தையெல்லாம் ஒட்டி டேங்கர் என்று ரோட்டில் இறக்கினார்கள். கூடுதல் லோடு கேட்டுப் பாலகுமாருக்கும் போன்மேல் போன் வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து லோடுக்கு மேல் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. திமிர் பிடித்தவர் என்று பேர் வந்தது.

வீட்டிலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பேசிக்கொள்கிறார்கள். சௌம்யாவின் காலேஜ், சிலிண்டர், வாடகை என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். வருடா வருடம் மார்ச்சில் இருவரும் சேர்ந்தே கல்பள்ளிக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வருகிறார்கள். போகும்போதும் வரும்போதும் பேச்சு இருக்காது. பீன்யாவில் அன்று பேசியதற்குப் பிறகு கிஷோரைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசியதில்லை.

இந்த வருடமும் போய்விட்டு வந்தார்கள். சௌம்யா காலேஜுக்குப் போயிருந்தாள். மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு தமயந்தி எதிரில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்.

"அன்னைக்குக் காலைல அவன் சாப்ட்டானா?" என்றாள்.

பாலகுமார் நிமிர்ந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

"சாப்ட்டான். மொதல் லோடு ஊத்திட்டு ஈஜிபுரத்துல வண்டி நிறுத்தினோம். மூணு இட்லி, ஒரு வடை."

"அவன் வடை தின்ன மாட்டானே."

"அன்னைக்குத் தின்னான். சாம்பார்ல ஊற வெச்சு. பாதி பிச்சு எனக்குக் குடுத்தான்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் டீ குடிச்சான். கல்லாவுல இருந்தவர்கிட்ட கன்னடத்துல ஏதோ கிண்டல் பேசினான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கினு இருந்தாங்க. நான்தான் லேட்டாவுது வாடான்னு கூப்ட்டுக்கினு வந்துட்டேன்."

"இன்னா கிண்டல்?"

பாலகுமார் யோசித்தார். கடை ஞாபகம் இருந்தது, கிஷோர் போட்டிருந்த சட்டை ஞாபகம் இருந்தது, டீ டம்ளரைப் பிடித்திருந்த கைகூட ஞாபகம் இருந்தது. சொன்னது மட்டும் வரவில்லை.

"ஞாபகம் இல்லம்மா."

"யோசிச்சுப் பாரு," என்றாள் தமயந்தி.

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் யோசித்துக்கொண்டே இருந்தார். அவளும் எழுந்திருக்கவில்லை.