தப்பு என்று சொன்ன வகுப்பு

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் சிரிக்கும்போது எனக்கு அவ்வளவாக வலிக்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன் என்று பீற்றிக்கொள்கிற 'பைனரி சர்ச்' என்ற தேடல் முறையை, போன செவ்வாய்க்கிழமை போர்டில் தப்பாக எழுதினேன். அகராதியில் சொல் தேடுகிற அதே வழிதான்: நடுவில் திறப்பது, வேண்டாத பாதியைத் தள்ளுவது, மிச்சத்தில் மறுபடி நடுவில் திறப்பது. அதில் ஒரு 'கூட்டல் ஒன்று' விட்டுப்போயிற்று. என் பேச்சைக் கேட்டுத் தேடுகிறவர் கடைசி இரண்டு பக்கங்களுக்கு வந்ததும் ஆயுள் முழுக்க ஒரே பக்கத்தையே திறந்துகொண்டிருப்பார். முன்னால் ஒரு வகுப்பே உட்கார்ந்திருந்தது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. செல்போனைத் தூக்கி அந்தத் தப்பை அழகாகப் படமெடுத்துக்கொண்டார்கள். எனக்கே சாயங்காலம் விளாங்குடி வீட்டில் தலைக்குச் சோப்புப் போடும்போதுதான் உறைத்தது.

மறுநாள் மார்க்கர் பேனாவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய அந்த மருந்து நெடியில், சாக்பீஸ் தூசியில் தும்மிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்போது நான் தற்காலிக விரிவுரையாளர். மாணவர்களைவிட நாலைந்து வயது மூத்தவன், அவ்வளவே. மீசையும் சரியாக ஒத்துழைக்கவில்லை. லேபில் கம்ப்யூட்டர்கள் குறைவு. எங்கள் முறை வருவதற்குள் பாடமே மாறிவிடும். அதனால் எதையும் போர்டிலேயே கையால் ஓட்டிப் பார்ப்போம். நான் எழுத எழுதப் பின்னாலிருந்து ஆட்சேபம் கிளம்பும். அதில் பாதி மேலூர்ப் பக்கத்துப் பாண்டிச்செல்வியின் குரல்.

ஒருநாள் சுமையை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிப்பது பற்றி நடத்தினேன். பெரிய மூட்டையை முதலில் எடு, யாரிடம் பாரம் குறைவோ அவரிடம் கொடு, இதைவிட நல்ல வழியே கிடையாது என்று கையை வேறு தட்டிவிட்டேன்.

"சார், அது ஒத்துவராது," என்றாள்.

எப்படி என்று அவளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. ஒத்துவரும் என்று எனக்கும் நிரூபிக்கத் தெரியவில்லை. மணி அடித்தும் சண்டை ஓயாமல், நான் அவளோடும் அவள் தோழிகளோடும் மேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் வீடு நேர் எதிர்த்திசை. ஒத்தக்கடை தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு கிலோவுல ரெண்டு, ரெண்டு கிலோவுல மூணு. உங்க வழியில ஒருத்தன் ஏழு தூக்குவான், இன்னொருத்தன் அஞ்சு. நான் ஆளுக்கு ஆறு குடுப்பேன். இப்பவாச்சும் எறங்குவீகளா?"

பஸ்ஸே சிரித்தது. விஷயம் புரிந்தல்ல, என் முகத்தைப் பார்த்து. ஆனால் அந்த ஐந்து மூட்டைகள் என்னை விடவில்லை. இப்படிப்பட்ட வழிகள் எம்மட்டுக்குத் தவறிப்போகும் என்பதுதான் பிறகு என் முனைவர் பட்ட ஆய்வே ஆயிற்று. அவள் இப்போது பெங்களூரில் வேறு யாரையோ மடக்கிக்கொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நாலு வருட உழைப்பில் ஒரு ஆய்வுக் கட்டுரை முடித்து மேசையில் வைத்திருக்கிறேன். நிரூபணம் சரி என்றுதான் தோன்றுகிறது. செவ்வாய்க்கிழமை எழுதியதும் சரி என்றுதான் தோன்றியது. என் ஆய்வு மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். "சூப்பர் சார்" என்று திருப்பித் தந்தார்கள். அனுப்பவும் பயம், வைத்திருக்கவும் பயம். இந்தக் கட்டடத்தில் என்னைத் தப்பென்று சொல்ல ஒரு குரல் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் கவனமே கிடையாது, எல்லாம் செல்போனால் வந்த வினை என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை போர்டில் முந்தைய நாள் தப்பைத் திருத்திவிட்டு, என் சோப்புக் கதையைச் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார்கள். மணி அடித்ததும், முதல் பெஞ்சில் உட்காரும் கவிதாவை வராந்தாவில் நிறுத்தி, நேற்று அந்தத் தப்பை யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பார்த்தோம் சார். நாலஞ்சு பேரு பார்த்தோம்."

"பிறகு ஏன்மா சொல்லல?"

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"இன்டர்னல் மார்க் நீங்கதான சார் போடுறீங்க."