அத்திமரத்து மேல்கிளை

பக்கத்து வீட்டுச் சாந்தாமணியின் சொம்பில் பால் ஊற்றும்போது மட்டும் தெய்வம்மா சுவரைப் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்குச் சொட்டுப் பிசகாமல் அளப்பவர், இங்கே அளப்பதே இல்லை. சொம்பு வழிந்து விரல் நனைந்த பிறகுதான் நிறுத்துவார். "காசு கீசுன்னு எடுத்தா எனக்குக் கெட்ட கோவம் வரும், வெளங்குதா?" என்பதையும் சுவரிடமே சொல்வார்.

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். சின்ன வயதில் கண்டியிலிருந்து வந்தவர். இங்கே எல்லோரும் லைன் வீடு என்பதை அவர் இன்றும் லயம் என்பார். மாட்டோடு பேசுவார், அடுப்போடு பேசுவார், பால் வாங்கப் போகிற என்னையும் லேசில் விடமாட்டார். சாந்தாமணியின் தலை தெரிந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும்.

எல்லாம் ஓடைக்கரை அத்திமரத்தால் வந்தது. கீறினால் பால் வடிகிற மரம். லயத்தில் மாடு ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து அதில்தான் கட்டுவார்கள். மடி நன்றாகச் சுரக்குமாம். நாய் வாய் வைத்துவிட்டால் வற்றிப்போகுமாம். பக்கத்துப் பாறையில் ஏறி நின்றால் நாய்க்கு எட்டாத மேல்கிளை ஒன்றே ஒன்று கைக்கு எட்டும். அதில் ஒரு பொதிக்குத்தான் இடம். போட்டியெல்லாம் அதற்குத்தான்.

"அத்திப் பூவ ஒரு மனுசரும் பாத்ததில்ல. தப்பித்தவறிப் பாத்தாலும் வெளிய சொல்லக் கூடாதாம்," என்பார் தெய்வம்மா. சொல்லிவிட்டு உடனே பேச்சை மாட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்.

போன வருடம் ஆடியில் இரண்டு வீட்டுப் பசுக்களும் அடுத்தடுத்து ஈன்றன. சாந்தாமணி முந்திக்கொண்டு மேல்கிளையில் கட்டிவிட்டாள். மறுநாள் தன் பொதியோடு போன தெய்வம்மாவுக்கு வயிறு எரிந்தது. சாந்தாமணியின் பொதியை அவிழ்த்துக் கீழே ஒரு கிளையில் மாட்டிவிட்டு, மேலே தன்னுடையதைக் கட்டினார். விடிவதற்குள் நாய்கள் கீழ்ப்பொதியை இழுத்துக் கிழித்துப் போட்டன. ஒரு மாதத்தில் சாந்தாமணியின் பசுவுக்கு மடி வற்றிப்போயிற்று.

மாட்டு டாக்டர் மடிநோய் என்றார். நானும் அதையே சொன்னேன். தெய்வம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டாக்டருக்கு என்னா தெரியும்? அவரா அவுத்தாரு? இந்தக் கையி தானே அவுத்திச்சு. சோத்துல வைக்கவே கூசுது சார். அவ மொகத்தப் பாத்தா செத்துப்போயிரலாம் போல இருக்கு. நீங்க வெளியூர்க்காரரு, அதனால சொல்றேன்."

அதனால்தான் நான் இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தன் முடிச்சுதான் நழுவிவிட்டது என்று சாந்தாமணி நம்புகிறாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி, வெள்ளை மனசு. "இப்பிடியொரு அக்கா கெடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கோணுங்க," என்று வீடு வீடாகச் சொல்கிறாள். அது காதில் விழும்போதெல்லாம் தெய்வம்மா மாட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார், அங்கே வேலை இருக்கிறதோ இல்லையோ.

போன வாரம் சாந்தாமணியின் பசு மறுபடி ஈன்றது. நான் பாலுக்கு நின்றிருந்தபோது, வைக்கோல் பொதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, போன தடவ நாங் கட்டுனது வெளங்கலீங்க. உங்களுது ராசியான கை. நீங்களே அந்த மேக்கெளையில கட்டிக் குடுத்துருங்க," என்று நீட்டினாள்.

தெய்வம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.