அக்கா பிள்ளை தூக்கிய கணக்கு

இடுப்பின் இடப்பக்கம் தொடங்கும் வலி தொடை வழியாகக் குதிகால் வரை இறங்குகிறது என்பதை அக்கா இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாங்கள் பிள்ளைகளை அவரிடம் விடுவதை நிறுத்திவிடுவோம் என்று பயந்திருக்கிறார்.

பெரம்பலூர் டவுனை ஒட்டிய இலங்கைத் தமிழர் முகாமில் அவர் வீடு. பன்னிரண்டு வயதில் படகில் வந்தவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் ஆறு பேரைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். எங்களுக்கு அவர் அக்கா, எல்லாப் பிள்ளைகளுக்கும் மாமி. நாற்பதைத் தாண்டிப் பிறந்த என் மகளுக்கு அப்போது இரண்டே கால் வயது. ஏழே முக்காலுக்கு அவளை அங்கே விட்டுவிட்டு அரியலூர் பஸ்ஸைப் பிடிப்பேன்.

ஒரு மாலை, பாயிலிருந்து எழுந்திருக்க அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முயன்றதைப் பார்த்துவிட்டேன். மறுநாள் லீவு போட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். முதுகெலும்பின் தட்டு ஒன்று நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் தேவையில்லை, ஆறு வாரம் பயிற்சி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். தூக்குவதைக் குறைக்காவிட்டால் இந்த வேலையையே விட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

பிசியோதெரபி அறையில் இருந்த இளம்பெண் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தன தடவ புள்ளைங்கள தூக்குவீங்க?"

"எப்பவாவது ஒருக்கா, ரெண்டு தரம்," என்றார் அக்கா.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "ஒரு நாள் கூட இருந்து எண்ணிட்டு வாங்க மேடம்."

எனக்கு விடுமுறையாக இருந்த ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். முகாமில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. ஒன்பது மணிக்குள் எதிர்வீட்டு ஐயா ரேஷன் அட்டையும் அடையாள அட்டையுமாக வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

"புதுப் பதிவே, தங்கச்சி? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

உள்ளேயிருந்து அக்கா சொன்னார்: "ஐயா, அவ என்ர இடுப்பைத்தான் கணக்கெடுக்கிறா."

"உம்மட இடுப்புக்கும் அட்டை குடுப்பினமோ?" என்றார் வரிசையில் நின்ற பெண்.

விஷயம் புரிந்த பிறகும் ஐயா போகவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "இப்ப ஒண்டு தூக்கினவ. எழுதினீங்களே?" நான் தண்ணீர் குடிக்கத் தலையைத் திருப்பியபோது விட்டுப்போன இரண்டைப் பிடித்தது அவர்தான்.

மாலை ஐந்து வரை அறுபத்தெட்டு. கை கால் கழுவ பதினாறு, கட்டிலில் ஏற்றி இறக்க பதினொன்று, அழுகையை நிறுத்த ஒன்பது, காரணமே இல்லாமல் ஐந்து. மீதி இருபத்தேழும் பஸ் பார்க்க. அக்கா வீட்டுச் சன்னலில் நெடுஞ்சாலை தெரியும். ஆனால் சன்னல் பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். ஒருவனைத் தூக்கிக் காட்டினால் மற்ற ஐந்து பேரையும் தூக்கியாக வேண்டும்.

தாளைப் படித்த பிசியோதெரபிஸ்ட் சிரித்துவிட்டார். "பஸ் பாக்க இருபத்தேழா? அக்கா, உங்களுக்கு மருந்து வேணாம். கொத்தனார்தான் வேணும்."

பிள்ளைகளில் ஒருவனின் அப்பா கொத்தனார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சன்னலுக்குக் கீழே செங்கல்லில் இரண்டு படி கட்டிக் கொடுத்தார். குழாயடியில் ஒரு முக்காலி வந்தது. கட்டில் வெளியே போய், தரையில் மெத்தை வந்தது. பிள்ளைகள் ஒரே நாளில் படியேறப் பழகிவிட்டார்கள். எந்தப் படி யாருக்கு என்பதில் மட்டும் சண்டை ஒரு வாரம் நீடித்தது.

பயிற்சி காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்திப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். மாமி படுத்தால் ஆறு பேரும் படுத்துவிடுவார்கள். எண்ணும் பொறுப்பு என் மகளுக்கு. அவள் ஏழு வரை ஒழுங்காகப் போய், அங்கிருந்து மறுபடி மூன்றுக்கு வந்துவிடுவாள்.

"இறக்கட்டோ, பிள்ளை?"

"பத்து வல்ல மாமி."

ஆறு வாரம் கழித்து அதே அறையில் அக்காவைப் படுக்க வைத்து, இடது காலை மடக்காமல் தூக்கிப் பார்த்தார் அந்தப் பெண். முதல் நாள் ஒரு சாண் உயரத்திலேயே அக்கா பல்லைக் கடித்தார். இன்று கால் நேராக மேலே போய் நின்றது. அக்கா தன் காலையே அண்ணாந்து பார்த்தார்.

"வேலய விட வேணாங்க. பயிற்சிய மட்டும் விடாதீங்க."

வெளியே வந்ததும் அக்கா என் போனை வாங்கினார். தன் எட்டு மாதக் குழந்தையைச் சேர்க்கச் சொல்லி ஒரு தாய் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். கால் விஷயம் தெரியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தாராம். எண்ணை மனப்பாடமாகவே அழுத்தினார்.

"ஓம், நான்தான். நாளைக்கே கொண்டு வாங்கோ," என்றவர், ஒரு கணம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "பிள்ளை எத்தினை கிலோ?"